உப்புக் கரிக்கும் வியர்வை

குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா? அந்தக் குழந்தை நீண்ட நாள் வாழாது! ஐரோப்பாவில் இப்படி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மூடநம்பிக்கை என்று ஒதுக்கத்தான் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு மருத்துவ உண்மை ஒளிந்திருந்தது. அது வெளிவர 1953 வரை ஆயிற்று.

நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் வரும் பரம்பரை நோய். நுரையீரலில் சளி பசை போல் கெட்டியாகி அடிக்கடி கிருமித் தொற்று வரும். கணையத்தின் குழாய்கள் அடைபட்டு, சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் மலத்தில் போகும். எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறாது.

1948-ல் நியூயார்க்கில் கடும் வெயில். வெப்பத்தில் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. ஏன் இவர்களுக்கு மட்டும் இப்படி? இதைத் தொடர்ந்து ஆராய்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர், இவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் வெளியிட்டார்கள்.

காரணம் இதுதான். வியர்வை சுரக்கும் இடத்தில் எல்லோருக்கும் உப்பாகத்தான் இருக்கும். தோலுக்கு வரும் வழியில் குழாயின் சுவர் பெரும்பகுதி உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்கு வாசலாக இருப்பது சி.எஃப்.டி.ஆர் என்ற புரதம். இந்த நோயில் வாசல் திறப்பதில்லை. உப்பு அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

1959-ல் கிப்சன், குக் இருவரும் இதைச் சோதிக்க ஒரு பாதுகாப்பான வழி சொன்னார்கள். கையில் பைலோகார்பின் மருந்தை வைத்து 5 நிமிடம் மெல்லிய மின்சாரம் செலுத்த வேண்டும். அந்த இடம் மட்டும் வியர்க்கும். அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்துக் குளோரைடை அளக்க வேண்டும். லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் இருக்கிறது என்று பொருள். 30-க்குக் கீழ் என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் மேலும் சோதனைகள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, கொஞ்சம் குறுகுறுப்பு மட்டும்தான்!

1989-லேயே மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் எதற்கு வியர்வை என்று கேட்கலாம். அந்த ஒரே மரபணுவில் இதுவரை 2000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான மாற்றம் இந்திய நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை. அவர்களுக்காகத் தயாரித்த பட்டியலை வைத்துத் தேடினால் இந்தியக் குழந்தை தப்பிவிடக்கூடும். வியர்வையோ எந்த மாற்றம் என்று கேட்பதில்லை. வாசல் வேலை செய்கிறதா என்பதை நேராகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். இருமலும் மெலிவுமாக வரும் குழந்தைக்குக் காசநோய், ஆஸ்துமா, சத்துக்குறைவு என்று முதலில் சந்தேகிப்பது தப்பே இல்லை. அவைதான் இங்கே அதிகம். ஆனால் அந்த மருந்துகள் பலிக்காத பிறகும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருப்பது தப்பு.

அபூர்வ நோய்க்கு எதற்குச் செலவு என்பார்கள் சிலர். தேடாத நோய் எப்போதும் அபூர்வமாகத்தான் தெரியும்! மேலும் இது கோடிகளை விழுங்கும் சோதனை அல்ல. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்நாட்டிலேயே வியர்வை சேகரிக்கும் கருவியை உருவாக்கிக் காட்டினார்கள். தேவைப்படுவது பழகிய கை. வியர்வை போதாமல் போனாலோ, காற்றில் உலர்ந்தாலோ முடிவு கெட்டுவிடும். அதனால் ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதைத் தொடர்ந்து செய்து பழகிய ஒரு டெக்னீஷியனாவது இருக்க வேண்டும்.

கண்டுபிடித்து என்ன லாபம்? 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு பலருக்கு எட்டாத விலைதான். ஆனால் செரிமான நொதி மாத்திரை, சளியை வெளியேற்றும் பயிற்சி, வெயில் காலத்தில் கூடுதல் உப்பு, சரியான நேரத்தில் ஆன்டிபயாடிக் ஆகியவையே ஒரு குழந்தையின் ஆயுளைக் கூட்டும். வேண்டாத காசநோய் மருந்தும் நிற்கும். அடுத்த குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பது பெற்றோருக்குத் தெரியவரும்.

"பிள்ளைக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்குது" என்று ஒரு தாய் சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எழுதிவிடக் கூடாது. அரை மணி நேர வியர்வையில் பதில் இருக்கிறது.