ஏரிக்கரை வீடுகளுக்கு எந்த மோட்டார் சரி? எச்.பி.யை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை: வடகிழக்குப் பருவமழை சீசன் வந்தாலே வேளச்சேரி, பள்ளிக்கரணை, நாராயணபுரம் ஏரியா மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்து விடும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று பட்ட அடி அப்படி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டு போய் வரிசையாக நிறுத்தினார்கள். கார் வைத்திருப்பவர் பாலத்தில் ஏற்றி விட்டார். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் கட்டிலையும் பிரிட்ஜையும் எங்கே ஏற்றுவது?

அதனால்தான் 'ஒரு மோட்டார் வாங்கிப் போட்டுட்டா என்ன?' என்ற பேச்சு தெருவுக்குத் தெரு கேட்கிறது. வாங்கலாம். ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க.

மோட்டார் கணக்கு

600 சதுர அடி வீட்டுக்குள் ஒரு அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 17 ஆயிரம் லிட்டர். நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் மோட்டார் 2 மணி நேரத்தில் இறைத்து விடும். ஆனால் வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கொண்டே இருந்தால்? விடிய விடிய ஓடினாலும் குறையாது. முதலில் வாசலை மணல் மூட்டை போட்டு அடைக்க வேண்டும். கழிவறை வழியாகச் சாக்கடை ஏறாமல் இருக்க, வெளியே போகும் பைப்பில் வால்வு வேண்டும். அதற்குப் பிறகு ஊறி வரும் தண்ணீரைத்தான் மோட்டார் சமாளிக்கும். ஏரியையே இறைக்க எந்த மோட்டாராலும் முடியாது!

எதை வாங்குவது?

மொட்டை மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் இதற்கு லாயக்கில்லை. அது நல்ல தண்ணீருக்கானது. சேறும் பிளாஸ்டிக் குப்பையும் சிக்கினால் நின்று விடும். கழிவுநீர் இறைக்கும் சப்மெர்சிபிள் என்று கேட்டு வாங்குங்க. சாதாரண வீட்டுக்கு அரை எச்.பி. போதும். வெளியேற்றும் உயரம் 10 அடிதான் என்றால், அந்த உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்பதுதான் முக்கியம்.

வீட்டின் தாழ்வான மூலையில் இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து மோட்டாரை வைக்கலாம். தண்ணீர் ஏறினால் தானாக ஓடி, இறங்கினால் நிற்கும் மிதவை சுவிட்ச், வெளியேற்றிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இரண்டும் அவசியம்.

கரண்ட் போனால்?

சிக்கலே இங்கேதான். தெருவில் தண்ணீர் ஏறியதும் பாதுகாப்புக்காக கரண்டை நிறுத்தி விடுவார்கள். பேன், லைட்டுக்கு வாங்கிய சின்ன இன்வெர்ட்டர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் லோடைத் தாங்காது. டீசல் அல்லது பெட்ரோல் இன்ஜின்தான் கை கொடுக்கும். அதை வீட்டுக்குள்ளோ, மூடிய கார் பார்க்கிங்கிலோ ஓட்டவே கூடாது. அந்தப் புகை ஆளைக் கொன்று விடும்.

கரண்ட் மோட்டார் என்றால், ஷாக் அடித்தால் உடனே கட் ஆகும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடவே தொடாதீங்க.

இன்னொன்று, குடிதண்ணீர் சம்ப்பில் வெள்ளம் கலந்து விட்டால், சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது அவசரப்பட்டு காலி செய்யாதீங்க. மண் ஊறி இருக்கும்போது காலி சம்ப்பைக் கீழிருந்து தண்ணீர் தூக்கும், விரிசல் விடும்.

இறைத்த தண்ணீர் எங்கே?

தென் சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அந்தப் பாதை நிரம்பி நிற்கும்போது நீங்கள் இறைக்கும் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குத்தான் போகும். மழையோடு மழையாகச் சண்டையும் வரும்.

ஆளுக்கொரு மோட்டார் வாங்குவதை விட, தெருவே சேர்ந்து ஒரு பெரிய இன்ஜினை வாங்கி, தண்ணீரை மழைநீர் கால்வாய் வரை நீள ஹோஸ் போட்டு விடுவது செலவும் குறைவு, பலனும் அதிகம்.

வாடகைக்கு இருப்பவர்கள் செப்டம்பரிலேயே வீட்டு ஓனரிடம் பேசி விடுங்க. குழியும் வால்வும் கட்டிடத்தோடு சேர்ந்தவை, அது ஓனர் செலவு. தூக்கிக்கொண்டு போகக்கூடிய மோட்டார் வேண்டுமானால் உங்கள் செலவாக இருக்கட்டும். மழை வந்த பிறகு பேசினால் மோட்டாரும் கிடைக்காது, மாட்ட எலெக்ட்ரீஷியனும் கிடைக்க மாட்டார்.