பீரோவில் தூங்கும் லேப்டாப்பை ஒரு பென்டிரைவ் எழுப்பும்!

சங்கரன்கோவில் வீடுகளில் பீரோ மேல் தேடினால் பழைய லேப்டாப் பை ஒன்று சிக்கலாம். உள்ளே, வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் விண்டோஸ் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும். "இது அவ்வளவுதான், எடைக்குப் போட்டுடலாம்" என்று முடிவெடுக்கும் முன், வீட்டில் 8 ஜி.பி பென்டிரைவ் ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள் மக்களே!

ஏன் இப்போது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. லேப்டாப் ஓடும், ஆனால் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது. அதில் பேங்க் பாஸ்வேர்டு போடுவது, பூட்டு கெட்ட கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது மாதிரி. சரி, விண்டோஸ் 11 போடலாமா? அதற்கு 4 ஜி.பி ரேம், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸர் எல்லாம் வேண்டும். பழைய லேப்டாப்புகள் பல இங்கேயே கழன்றுவிடும்.

மிச்சமிருக்கும் வழி லினக்ஸ். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. புதுசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமே லினக்ஸ்தான்.

தமிழ்நாட்டுக்கும் இது பழைய விருந்தாளி. 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று அரசுத் துறைகளுக்குத் தமிழக அரசே சொன்னது. அன்று ஆபீஸுக்கு வந்த அதே சிக்கல்தான் இன்று வீட்டுக்கு வந்திருக்கிறது.

எப்படிச் செய்வது?

வீட்டு உபயோகத்துக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. விலை கிடையாது. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகை பழைய மெஷினுக்கு ஏற்றது. ரேம் குறைந்தது 2 ஜி.பி வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. 32 பிட் பிராசஸர் என்றால் இது ஓடாது.

1. நல்ல நிலையில் இருக்கும் வேறு கம்ப்யூட்டரில், மின்ட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ ஃபைலை இறக்குங்கள். சுமார் 3 ஜி.பி வரும். தினம் 2 ஜி.பி ரீசார்ஜில் பாதியிலேயே வேகம் படுத்துவிடும். வைஃபை இருக்கும் இடம் பாருங்கள்.

2. அதை பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் வேலைக்காகாது. 'ரூஃபஸ்' அல்லது 'பலேனா எட்சர்' என்ற இலவச மென்பொருள் மூலம் ஏற்ற வேண்டும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

3. பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல், ஏசரில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி-யில் எஃப்9. வரும் பட்டியலில் யு.எஸ்.பி-யைத் தேர்ந்தெடுங்கள்.

அவ்வளவுதான். இன்ஸ்டால் செய்யாமலேயே, லினக்ஸ் பென்டிரைவிலிருந்து ஓடும். இதற்குப் பெயர் 'லைவ்' முறை. வைஃபை, சவுண்டு, கேமரா வேலை செய்கிறதா, யூடியூப் ஓடுகிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா? ஆஃப் செய்து பென்டிரைவைக் கழற்றுங்கள். பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். இன்ஸ்டால் செய்தால் வேகம் கூடும்.

ஒரே ஒரு பட்டன்... உஷார்!

'இன்ஸ்டால்' கொடுத்ததும் 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வாய்ப்பு வரும். அதை அழுத்தி ஓகே சொன்னால் ஹார்டு டிஸ்க் மொத்தமும் காலி. ஆடித்தபசுக்குக் குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோ, இன்றைக்கு உயிரோடு இல்லாத தாத்தாவின் வீடியோ, மார்க் ஷீட் ஸ்கேன்... எதுவும் மிஞ்சாது. லேப்டாப்பைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே முதலில் லைவ் முறையில் ஃபைல்களைத் திறந்து, வேறொரு எக்ஸ்டர்னல் டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் திறக்கவே மறுக்கும் லேப்டாப்பில்கூட, ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் இந்த வழியில் போட்டோக்களை மீட்டுவிடலாம். இன்ஸ்டால் செய்யும் எண்ணமே இல்லாதவர்களும் இதற்காகவே ஒரு லைவ் பென்டிரைவ் வைத்துக்கொள்ளலாம். காப்பி ஆனவை வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே இன்ஸ்டால் பக்கம் போங்கள்.

யாருக்கு வேண்டாம்?

விசைத்தறிக் கணக்கை டேலியில் போடுபவர்களும், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்பவர்களும் விண்டோஸை விட வேண்டாம். அந்த மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. பாடம் படிக்க, விண்ணப்பம் போட, மெயில் பார்க்க, லிப்ரே ஆபீஸில் டைப் செய்ய மட்டும்தான் என்றால் தாராளமாக மாறலாம். தமிழ்99 கீபோர்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலேஜ் சேரும் பிள்ளைக்காகத் தவணையில் புது லேப்டாப் எடுக்க நினைக்கிறீர்களா? வரும் ஞாயிற்றுக்கிழமை பழையதைத் தூசு தட்டி, லைவ் முறையை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கு அது போதும் என்று தெரிந்துவிட்டால், தவணைக் காசு ஃபீஸுக்கு ஆகும்!