அடைப்புக்குறிகளை அழிக்காதீர்கள்

சோழர் கல்வெட்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றி வருவது கல்வெட்டு அல்ல. அதை யாரோ ஓர் அறிஞர் படித்த விதம். தட்டச்சு எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

தமிழகக் கோயில்களில் எடுத்த ஆயிரக்கணக்கான மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில் இருந்தன. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் உதகையிலிருந்து அங்கே போனது. தமிழ்ப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட்டது. படிகள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று நிறையவே பேசிவிட்டோம். படியிலிருந்து கைபேசிக்கு வரும் வழியில் என்னவெல்லாம் தொலைகிறது என்பதைத்தான் பேசவில்லை.

ஈரத்தாளைக் கல்லில் ஒற்றித் தட்டி, மேலே மை தடவி எடுப்பது மைப்படி. உளி சறுக்கிய இடமும் கல் பொரிந்த இடமும் அதில் தெரியும். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ‘கொ’ என்று தெரிவது கொ, கோ, கெர, கேர என நான்கில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று முடிவுசெய்பவர் பதிப்பாசிரியர்.

அந்த முடிவை அவர் ஒளிப்பதில்லை. சிதைந்த, ஐயமான எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் வைப்பார். தாமே சேர்த்ததற்கு நட்சத்திரக் குறி, பிழை திருத்தத்துக்கு வளைந்த அடைப்பு. கிரந்த எழுத்துகளைத் தடித்த அச்சில் காட்டும் வழக்கமும் உண்டு.

இந்தப் பதிப்பு வரிகளை நகலெடுத்து அனுப்பும்போது தடித்த அச்சு முதலில் போய்விடும். வாட்ஸ்அப்பிலோ நட்சத்திரம் என்பதே தடிப்பாக்கும் கட்டளை. குறி அமைந்த இடத்தைப் பொறுத்து அது மறைந்து, நடுவிலுள்ள சொற்கள் தடித்துவிடும். பதிப்பாசிரியரின் ஊகம் அரசரின் உரத்த ஆணைபோல் நிற்கும்! எஞ்சிய அடைப்புகளை, படிக்க இடைஞ்சல் என்று அனுப்புபவரே நீக்கிவிடுகிறார். ‘இருக்கலாம்’ என்றது ‘இருக்கிறது’ ஆகிவிடுகிறது. நிலம் யாருடையது, கோயில் யாருடையது, எந்தச் சாதி முந்தியது என்ற சண்டைகளுக்கு இத்தகைய வரிகளே சாட்சிக்கு வருகின்றன என்பதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

கல்வெட்டிலேயே உள்ள சில குறிகளைத் தட்டச்சிடவே வெகுகாலம் வழியில்லை. 320-இல் ஒரு பங்கான முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் சேர்ந்தன. பொருத்தமான எழுத்துரு இல்லாத கைபேசியில் அவை இன்றும் வெறும் கட்டங்கள்தாம்.

தட்டச்சு எழுத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. தேட முடிகிற கல்வெட்டு அதனால்தான் கிடைத்தது. அனுப்புபவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும்: அடைப்புகளை அப்படியே விடுங்கள், தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் சேருங்கள், முடிந்தால் அச்சுப் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். எண் இல்லாமல் வரும் கல்வெட்டு வரியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.