நரம்பு நோயும் நமது கடமையும்

அரசியல் ஏட்டில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒருவன் வைத்தியம் பெறுவதும் பெறாததும் அவன் பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் பொறுத்திருக்குமாயின், அஃது அரசியலேயன்றி வேறென்ன?

நாம் குறிப்பிடுவது ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ எனப்படும் நரம்பு நோயை. மின்கம்பியைச் சுற்றிய உறை போல, மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளை மயலின் என்னும் உறை காத்து நிற்கின்றது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி அவ்வுறையை அரித்துவிடுவதே இந்நோய். பார்வை மங்கும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், ஓய்ந்து கிடந்தாலும் களைப்புத் தீராது. பலருக்கு இது வந்து வந்து தணியும். நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கோ தொடக்கம் முதலே தணியாது முன்னேறும். வந்து தணியும் வகையினருட் பலரும் ஆண்டுகள் கழிய அந்நிலையையே அடைவர்.

உலகெங்கும் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்துள்ள இந்நோய், கனடாவிலும் பிரித்தானியாவிலும் மிகுதி; நம் போன்ற வெயில் நாடுகளில் அரிது. அரிது என்பதே இங்குள்ள நோயாளிக்கு முதற் கேடாய் முடிகின்றது. இல்லாத நோயை எவர் ஐயுறுவார்?

வலிகாமத்துக் கமக்காரர் ஒருவரை நாம் அறிவோம். வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கையில் அவரது வலக்கால் இழுக்கத் தொடங்கிற்று. வாதம் என்றனர், எண்ணெய் பூசினர். செய்வினை என்றனர், நூல் கட்டினர். நான்கு ஆண்டுகளின் பின் கொழும்பில் நோயின் பெயர் தெரிந்தபோது, ஊன்றுகோலின்றி அவரால் எழ முடியவில்லை. அதன்பின் தொடங்கிற்று உணவு வைத்தியம். இறைச்சியை விடு என்றார் ஒருவர். கோதுமையை விடு என்றார் மற்றொருவர். கடல் கடந்து வந்த குளிசைப் போத்தல்கள் மேசையை நிறைத்தன. இரண்டு பரப்புக் காணி ஈடு போயிற்று. கால் மட்டும் திரும்பவில்லை.

உணவால் பயனில்லை என்று நாம் கூறவில்லை. றோய் சுவாங்க் என்னும் வைத்தியர், நோர்வேயின் கடலோர மீனவரிலும் பார்க்க உள்நாட்டுக் கமக்காரரிடையே இந்நோய் மிகுந்திருந்ததை 1952இல் எடுத்துக் காட்டினார். கொழுப்பைக் குறைத்த உணவு முறையை வகுத்து, அதைக் கடைப்பிடித்தோர் நலமாயிருந்ததாக 1990இல் அறிவித்தார். ஆயினும் அவ்வுணவை உண்ணாத மற்றொரு தொகுதியினரை அருகே வைத்து ஒப்பிடாமையால், உணவுதான் காரணமென அறுதியிட முடியவில்லை. பயோற்றின் என்னும் உயிர்ச்சத்தின் கதையும் இத்தகையதே. அதன் பேரளவு மாத்திரை, முன்னேறும் வகை நோயைத் திருப்பக்கூடும் என்று 2016இல் நம்பிக்கை பிறந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோரிடம் மீண்டும் சோதித்தபோது பயனில்லை என்று 2020இல் தெரிந்தது. வைத்திய உலகே ஏமாறக்கூடிய இடத்தில், காணியை ஈடு வைக்கும் ஏழை எம்மட்டு?

நல்லுணவு நோயை அழிக்காது; நோயாளியைத் தாங்கும். குத்தரிசியும் குரக்கனும், முருங்கையிலையும் மீனும் நம் வளவிலும் கடலிலும் கிடைப்பவை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் வந்து சேர்ந்தால் தள்ளாடும் கால் மேலும் தள்ளாடும். அவற்றைத் தடுப்பதே உணவின் பணி. புகையிலை விளைந்த மண்ணில் இதனைச் சொல்வது கசக்கும்; எனினும் சொல்லியாக வேண்டும்: சுருட்டும் சிகரெட்டும் இந்நோயின் முன்னேற்றத்தை விரைவுபடுத்துவன.

உடற்பயிற்சியைப் பற்றியும் பழைய தவறு ஒன்று நம்மிடையே நிலவுகின்றது. ‘படுத்திரு, களைக்காதே’ என்பதே முன்னர் மேனாட்டு வைத்தியரும் கூறிய புத்திமதி. 1996இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த ஆய்வு இதனை மாற்றிற்று. அளவறிந்த பயிற்சி உடல் வலிமையைக் கூட்டும், களைப்பைக் குறைக்கும். நடக்க முடியாதவனும் கதிரையிலிருந்தபடியே கையையும் நாரியையும் பயிற்றலாம். உடலை வருத்தும்போது இந்நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890இலேயே ஊத்தொவ் என்ற ஜெர்மானியர் கண்டார்; உடல் வெப்பம் கூடுவதே அதன் காரணம் என்பது பின்னர் தெரிந்தது. ஆதலின் சித்திரை வெயிலில் பயிற்சி வேண்டா; விடியலில், கிணற்றடிக் குளிப்புக்குப் பின், ஈரத்துவாய் தோளிற் கிடக்கச் செய்க. வெப்பத்தில் கால் சோர்ந்தால் அஞ்சற்க. உடல் குளிர அது மாறும்.

செய்வினை என்போருக்கும் ஒரு சொல். அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தோர், எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசு தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதாக 2022இல் அறிவித்தனர். அவ்வைரசு ஏறக்குறைய எல்லோரையும் தொற்றுவது. நோயுறுவோர் மிகச் சிலரே. இதிற் பாவமெங்கே, பழியெங்கே? நோயாளியை உள்ளறையில் மறைத்து வைப்பதே பழி.

மருந்தும் வந்துவிட்டது. தொடக்கம் முதலே முன்னேறும் வகைக்கு ஒக்றிலிசுமாப் என்னும் மருந்தை 2017இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அது நோயின் வேகத்தைக் குறைக்கும், மாற்றாது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கான மூன்று மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றுள் றிற்றுக்சிமாப் விலையிற் குறைந்தது. கூலியாளும் கமக்காரனும் எட்டக்கூடிய மருந்து எதுவென நிபுணர் ஆராய்ந்து, அதனை இலவச வைத்தியத்தின் பங்காக்குவது அரசின் கடன்.

நாம் கேட்பது சலுகையன்று. குடாநாட்டின் ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் போதிய இயன்மருத்துவர் இருத்தல் வேண்டும். தனித்து எழ முடியாதவனை நானூறு கிலோமீற்றர் அலைக்கழித்துக் கொழும்புக்கு இழுப்பது வைத்தியமாகாது. நோயின் பெயரும் பயிற்சியும் மருந்தின் தீமையும் நன்மையும் தமிழில் அச்சாகி நோயாளியின் கையிற் கிடைத்தல் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். மருந்துச் சீட்டில் அதனைக் காட்டுவார்களாக. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அன்று முடிந்தது இன்று முடியாதா?

அரசை மட்டும் சாடி நாம் தப்பிவிட முடியாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் நம்மவர் கோபுரங்களுக்கு வாரி வழங்குகின்றனர். ஊருக்கு ஓர் இயன்மருத்துவரின் சம்பளத்தையும், சில சக்கர நாற்காலிகளையும் அக்கைகளே தரலாமன்றோ? படித்தவர் தமிழில் எழுதட்டும். அயலவர் வாசற்படியருகே ஒரு சாய்தளம் கட்டித் தரட்டும்.

அந்தக் கமக்காரர் இன்று காலைதோறும் மகளின் தோளைப் பற்றி வேலியோரம் நடக்கின்றார். கிணறுவரை போய்த் திரும்புவார். அந்நடையை நிலைக்கச் செய்வதே நமது கடமை.