கதவைப் பூட்டியவர்கள் கணக்குக் கேட்கலாமா?

ஒரு கூட்டத்தாரை நூறு வருஷம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, நூற்றோராவது வருஷத்தில் உள்ளே விட்டு, மறு நாளே "உனக்கு இதில் பழக்கம் போதாது, உன்னால் வரும்படியும் இல்லை, ஆகையால் வெளியே போ" என்று சொல்லுவது உலகத்தில் மிகவும் பழைய தந்திரமாகும். இந்தத் தந்திரம் விளையாட்டு மைதானத்திலும் நடக்கிறது. அங்கே இதற்குப் புள்ளி விவரங்களையும் காட்டி நியாயம் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியா தேசத்தில் பெண்களின் ஃபுட்பால் போட்டிக்குப் புதிது புதிதாய் அணிகள் ஏற்படுத்தப்பட்டு வருவதைப் பற்றி அங்கு நடக்கும் தர்க்கத்தைத்தான் சொல்லுகின்றோம்.

ஆட்டம் இன்னதென்பது

ஆஸ்திரேலிய ஃபுட்பால் என்பது நாம் சாதாரணமாய்ப் பார்க்கும் கால்பந்து அல்ல. மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், ஒரு கையில் ஏந்தி மற்றக் கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறிய மாத்திரம் கூடாது. மைதானத்தின் இரு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. இதற்கு 1859ல் மெல்போர்ன் நகரத்தில் விதிகள் எழுதினார்கள். 1897ல் 8 சங்கங்கள் கூடி விக்டோரியாவில் ஒரு போட்டியைத் தொடங்கின. அதுவே வளர்ந்து 1990 முதல் ஏ.எஃப்.எல். என்ற பெயரால் நடந்து வருகிறது. அங்குள்ள பல ஜனங்களுக்கு அது வெறும் ஆட்டமல்ல, வாழ்க்கையில் ஒரு பாகமாகும்.

இந்த ஆட்டத்தைப் பார்க்கப் பெண்கள் ஆதியிலிருந்தே மைதானத்துக்கு வந்தார்கள். டிக்கட் வாங்க, கைதட்ட, மகனுடைய சேறு பிடித்த சட்டையைத் துவைக்க, சங்கத்துக்குப் பண்டம் சுட்டு விற்றுப் பணம் சேர்த்துக் கொடுக்க, இவ்வளவுக்கும் பெண்கள் யோக்கியதை உடையவர்களாய் இருந்தார்கள். பந்தைத் தொடுவதற்கு மாத்திரம் யோக்கியதை இல்லை! அப்படியிருந்தும் 1915ல், யுத்த காலத்தில், பெர்த் நகரத்தில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்த பெண்கள் ஆடினார்கள். 1981ல் விக்டோரியாவில் நான்கே அணிகளோடு பெண்கள் தங்களுக்கென ஒரு போட்டியை நடத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பத்திரிகைகளில் இடமும் இல்லை.

இயற்கையா, விதியா?

பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், "அது இயற்கைக்கு விரோதம்" என்பதே வெகு காலம் சொல்லப்பட்டு வந்த பதில். நாம் ஒன்று கேட்கின்றோம். இயற்கையே பெண்ணைத் தடுத்திருக்குமானால் மனிதன் தனியாக ஒரு விதி செய்து தடுப்பானேன்? மீன் மரம் ஏறக் கூடாது என்று எந்த ஊரிலாவது சட்டம் உண்டா? சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்பதே, தடுக்காவிட்டால் அவர்கள் ஆடிவிடுவார்கள் என்பதற்கு அத்தாட்சியல்லவா?

எரின் பிலிப்ஸ் என்ற பெண்ணின் சங்கதியைப் பாருங்கள். அவருடைய தகப்பனார் போர்ட் அடிலெய்ட் சங்கத்தில் பேர் பெற்ற ஆட்டக்காரர். மகளும் சிறு வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடினார். 13 வயதானதும் இனிப் பையன்களோடு ஆடக் கூடாது என்றாகிவிட்டது. பெண்களுக்கென்று போக நல்ல வழியும் இல்லை. ஆகவே அவர் கூடைப் பந்துக்குப் போய், அமெரிக்கா வரையில் சென்று ஆடிக் கீர்த்தி பெற்றார். 2017ல் பெண்கள் போட்டி ஏற்பட்ட பிறகு, 31வது வயதில் திரும்பி வந்து, முதல் வருஷத்திலேயே போட்டி முழுவதிலும் மேலான ஆட்டக்காரர் என்ற பரிசைத் தட்டிக்கொண்டு போனார். இடையில் போன இத்தனை வருஷங்களை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

அன்றியும் 2003ல் மெல்போர்னில் மூன்று சிறுமிகள், வயது காரணமாகத் தங்களைப் பையன்களின் போட்டியிலிருந்து தள்ளியது அநீதி என்று நியாயசபைக்குப் போனார்கள். அந்த வழக்கை ஒட்டியே 2004ல் பெண் பிள்ளைகளுக்கெனத் தனிப் போட்டி திறக்கப்பட்டது. அம்மூவரில் ஒருவரான பென்னி கூலா-ரீட் 2017ல் காலிங்வுட் அணியில் ஆடினார். இந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. தட்டித் தட்டித் திறக்கப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

வாசல் அடைக்கப்பட்ட இரவு

பெண்களுக்கான தேசியப் போட்டியை 2020ல் தொடங்கலாம் என்றுதான் அதிகாரிகள் முதலில் எண்ணியிருந்தார்கள். 2013 முதல் நடந்த காட்சி ஆட்டங்களுக்கு ஜனங்களிடம் கிடைத்த ஆதரவைக் கண்டு 2017க்கே கொண்டு வந்தார்கள். 13 சங்கங்கள் அனுமதி கேட்டதில் 8க்குக் கொடுக்கப்பட்டது. 2017 பிப்ரவரி 3ந் தேதி இரவு மெல்போர்னில் கார்ல்டன் அணியும் காலிங்வுட் அணியும் முதல் ஆட்டம் ஆடின. வந்து சேர்ந்த கூட்டம் 24,568. மைதானம் நிரம்பி, வாசற் கதவுகள் அடைக்கப்பட்டன. உள்ளே போக முடியாமல் நின்றவர்களிடம் தலைமை அதிகாரியே வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்நாள் வரை பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று அடைக்கப்பட்டிருந்த கதவு, அன்றைக்குப் பெண்களைப் பார்க்க வந்த கூட்டம் தாங்காமல் அடைக்கப்பட்டது!

பிறகு 2019ல் 2 அணிகளும், 2020ல் 4 அணிகளும், 2022 ஆகஸ்ட்டில் எசெண்டன், ஹாதார்ன், போர்ட் அடிலெய்ட், சிட்னி என்ற 4 அணிகளும் சேர்ந்து மொத்தம் 18 ஆயின. ஆண்கள் அணி வைத்திருந்த சங்கங்கள் எல்லாம் பெண்கள் அணியும் வைத்தாய்விட்டது. இங்கேதான் தர்க்கம் முற்றியது.

ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம், ஆட்டம் மட்டம் என்பது. "புள்ளிகள் குறைவு, புது அணிகள் தோற்றுக்கொண்டே இருக்கின்றன" என்கிறார்கள். சிட்னி பெண்கள் 2022ல் ஆடிய 10 ஆட்டத்திலும் தோற்றது வாஸ்தவம். ஆனால் ஆண்களின் பழைய கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போமா? 1897ல் சேர்ந்த செயிண்ட் கில்டா சங்கத்து ஆண்கள் முதல் 48 ஆட்டங்களிலும் வரிசையாய்த் தோற்றார்கள். அவர்களுடைய முதல் வெற்றி 1900த்தில்தான் வந்தது. 1899ல் ஓர் ஆட்டம் முழுவதிலும் அவர்கள் எடுத்தது ஒரே ஒரு புள்ளி! 1927ல் ஆண்களின் இறுதி ஆட்டத்திலேயே வென்றவர்கள் எடுத்தது 25, தோற்றவர்கள் எடுத்தது 13. இதைக் கண்டு ஆண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல என்று எந்தக் கனவானாவது சொன்னாரா? செயிண்ட் கில்டாவைக் கலைத்தார்களா? இல்லை, பொறுத்திருந்தார்கள். 1966ல்தான் அந்தச் சங்கம் முதன் முதலில் பட்டம் வென்றது. ஆணுக்கு 69 வருஷம் பொறுமை. பெண்ணுக்கு ஒரு பருவம்கூடப் பொறுமை இல்லை! சிட்னி பெண்களோ, ஒன்றும் வெல்லாத அடுத்த வருஷமே, 2023ல், இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து அங்கேயும் ஓர் ஆட்டம் வென்றார்கள்.

இரண்டாவது ஆட்சேபம், கூட்டம் குறைந்துவிட்டது என்பது. முதல் வருஷத்துக் கூட்டம் பின்னால் இல்லை என்பதை நாம் மறுக்கவில்லை. அப்போது அனுமதி இலவசம். பிறகு கட்டணம் வந்தது. ஆட்டப் பருவமும் வருஷத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட்டுக்கு மாற்றப்பட்டது. ஊரெல்லாம் ஆண்களின் இறுதிச் சுற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் சமயத்தில் பெண்களை ஆடச் சொன்னார்கள். 2024ல் வாரத்தின் நடு நாட்களிலும் ஆட்டம் வைத்தார்கள். திருவிழா நடக்கும் தெருவுக்குப் பின் சந்தில் கடை போட்டுக் கொடுத்துவிட்டு வியாபாரம் ஏன் நடக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? நல்ல நாளில் நல்ல மைதானத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மார்ச் மாதமே சாட்சி. அன்று அடிலெய்டில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 53,034 பேர். அதுவும் இலவசந்தானே என்பார்கள். பிடிக்காத ஒன்றை இலவசமாய்ப் பார்க்கவும் ஐம்பதினாயிரம் பேர் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

இதிலே இன்னொரு வேடிக்கை. 18 அணிகள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் ஒரு முறை சந்திப்பதற்கே 17 ஆட்டம் வேண்டும். இது சிறு பிள்ளையும் போடும் கணக்கு. ஆண்களுக்கு இறுதிச் சுற்றுக்கு முன் 23 ஆட்டம். பெண்களுக்கோ 2017ல் 7. 2025ல்தான் 12 ஆயிற்று. அதற்கு மேல் கூட்ட வேண்டுமானால் சராசரி 6,000 பேராவது பார்க்க வர வேண்டும் என்று 2023 ஒப்பந்தத்தில் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். 1897ல் ஆண்களின் 8 சங்கங்களுக்கு இப்படி ஒரு நிபந்தனை வைத்திருந்தால் செயிண்ட் கில்டாவின் கதி என்ன ஆகியிருக்கும்?

மூன்றாவது ஆட்சேபம், பணம். "சம்பாதிக்காதவர்களுக்குச் சம்பளம் எதற்கு?" என்பது. 2017ல் பெரும்பாலான பெண்களுக்குக் கொடுத்தது பருவத்துக்கு 8,500 டாலர். அதுவும் முதலில் 5,000 என்று பேசி, ஆட்டக்காரர் சங்கம் வாதாடியதன் பேரில் கூடியது. ஆகவே அவர்கள் பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். மெல்போர்ன் அணித் தலைவி டெய்ஸி பியர்ஸ் பிரசவம் பார்க்கும் தாதியாக இருந்தவர். பகலெல்லாம் வேலை செய்து களைத்தவரையும், காலை முதல் மாலை வரை பந்தே தொழிலாய் இருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தி, "பார், இவள் ஆட்டம் மட்டம்" என்பது எப்படி இருக்கிறதென்றால், ஒருவனுக்குக் கஞ்சியும் மற்றொருவனுக்கு விருந்தும் போட்டு மல்யுத்தம் விடுவது போல் இருக்கிறது. 2022ல் கடைசிப் படிச் சம்பளம் 20,239 டாலரிலிருந்து 39,184 டாலராயிற்று. 2023ல் ஆண் பெண் இருபாலாருக்கும் முதன் முதலாக ஒரே ஒப்பந்தம் ஏற்பட்டது. இது நல்ல ஆரம்பமே ஒழிய முடிவல்ல.

நம் பக்கத்துக் குற்றம்

பெண்கள் பக்கம் பேசுகிறோம் என்பதற்காக உள்ள குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆறு வருஷத்துக்குள் 8 அணி 18 ஆனது சற்று அவசரமே. தேர்ந்த ஆட்டக்காரர்கள் சிதறிப்போனார்கள். சில ஆட்டங்கள் ஒருபக்கமாய் முடிந்தன. ஆனால் இந்த அவசரம் எதனால் வந்தது? நூறு வருஷத் தாமதத்தால் வந்தது. 13 வயதில் துரத்தப்படாமல் இருந்திருந்தால் எத்தனை எரின் பிலிப்ஸ்கள் இன்று இருந்திருப்பார்கள்! விதை போடாத நிலத்தில் விளைச்சல் குறைவென்றால் விதை போடுவதுதான் பரிகாரமே தவிர, நிலத்தை வேலி போட்டு மூடுவதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019ல் டெய்லா ஹாரிஸ் என்ற ஆட்டக்காரர் காலை உயர வீசிப் பந்தை உதைக்கும் படம் ஒன்றை ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் வெளியிட்டார்கள். அதன் கீழே சில ஆண்கள் வாயில் வந்த ஆபாசத்தையெல்லாம் எழுதினார்கள். நிலையத்தார் செய்தது என்ன? ஆபாசத்தை நீக்கிப் படத்தை வைத்தார்களா? இல்லை, படத்தையே எடுத்துவிட்டார்கள்! குரைத்த நாயை விட்டுவிட்டு நடந்து போனவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பொதுஜனங்கள் கண்டித்ததும் மன்னிப்புக் கேட்டுப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். அதே தோற்றத்தில் மெல்போர்னில் சிலையும் திறக்கப்பட்டது. நமக்குச் சிலை பெரிதல்ல. அடுத்த முறை எதை நீக்க வேண்டும் என்ற அறிவு வந்தால் போதும்.

இனி என்ன?

இப்போது டாஸ்மேனியாத் தீவுக்கு 19வது சங்கம் என்று 2023ல் முடிவாகியிருக்கிறது. 2028ல் ஆண்கள் அணி இறங்குவதாகத் திட்டம். பெண்கள் அணியும் உண்டு. சங்கத்தின் பெயர் "டெவில்ஸ்", அதாவது பேய்கள். யாரும் பயந்து வேப்பிலை தேட வேண்டாம். அது அத்தீவிலுள்ள ஒரு மிருகத்தின் பெயர். நாம் சொல்லுவது என்னவென்றால், பெண்கள் அணியை அந்தச் சங்கம் ஒட்டுத் திண்ணையாகக் கட்டக் கூடாது; வீட்டின் அஸ்திவாரத்திலேயே சேர்த்துக் கட்ட வேண்டும். சட்டையும் கொடியும் கொடுத்துப் படம் பிடித்துவிட்டால் அணி ஏற்பட்டதாகாது. பெண்கள் உடை மாற்ற அறை வேண்டும். பயிற்சிக்குப் பகல் நேரம் வேண்டும். காயம் பட்டால் வைத்தியம் வேண்டும். வேறு வேலைக்கு ஓடாதபடி சம்பளம் வேண்டும். சிறுமிகள் ஆடிப் பழகப் பள்ளிக்கூட மைதானம் வேண்டும். இவற்றைக் கொடுத்து, ஆணுக்குக் காட்டிய பொறுமையில் பாதியாவது காட்டிவிட்டு, அப்புறம் கணக்குக் கேட்கட்டும்.

2017ல் அந்த முதல் இரவு கார்ல்டன் அணியின் தலைவியாய் மைதானத்தில் இறங்கியவர் லாரன் ஆர்னல். 2022ல் போர்ட் அடிலெய்ட் புது அணியை ஏற்படுத்தியபோது அதற்குப் பயிற்சித் தலைவராய் வந்தவரும் அவரே. இந்தப் போட்டியில் ஆடிய பெண் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. எரின் பிலிப்ஸ், தன் தகப்பனார் ஆடிய அதே சங்கத்தில், அந்த அணியின் முதல் தலைவியானார். முதல் வருஷம் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றார்கள். 2024ல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாய் நின்றார்கள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு! கதவு திறந்த மாத்திரத்தில் இப்படியானால், கதவே இல்லாதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பூட்டி வைத்திருந்தவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.