ஓட்டுப் போட விமான டிக்கெட் எதற்கு?

மத்திய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் முன்வைக்கும் கோரிக்கைகள்.

2011 பிப்ரவரி முதல் எங்களுக்கு ஓட்டுரிமை சட்டத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியில் பெயரைப் பதியலாம். ஆனால் அந்த ஊர் வாக்குச்சாவடிக்கே அசல் பாஸ்போர்ட்டோடு வந்துதான் ஓட்டுப் போட முடியும். 2024 மக்களவைத் தேர்தலின்போது பட்டியலில் இருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். ஓட்டுப் போட்டவர்கள் 3,000 பேர்கூட இல்லை. அந்தத் தேர்தல் தேதியை மார்ச் 16 அன்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு கிடைக்கும் ராமநாதபுரத்துக் கொத்தனார், 34 நாளில் முதலாளியிடம் அனுமதி வாங்கி, டிக்கெட்டுக்குக் கடன் வாங்கி, ரியாத்திலிருந்து எப்படி வருவார்?

ஆகவே முதல் கோரிக்கை தபால் ஓட்டு. ராணுவத்தினருக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களில் பணிபுரியும் அரசு ஊழியர்களுக்கும் வாக்குச்சீட்டு இணையம் வழியாகப் போகிறது. அவர்கள் அதை அச்சிட்டு, ஓட்டைக் குறித்து, தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். இதே வசதியை எங்களுக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையமே 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும், நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. கையில் உள்ள ஏற்பாட்டை ஏன் இன்னும் நீட்டிக்கவில்லை? தூதரக ஊழியருக்குப் போகும் சீட்டு, அதே நகரத்தில் கட்டடம் கட்டும் தொழிலாளிக்கும் போக வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுப் பெட்டி தூதரகத்தில் இருக்க வேண்டும். எட்டுப் பேர் ஒரே அறையில் தங்கும் கேம்ப்பில் பிரிண்டர் கிடையாது. பாலைவனத்து வேலைத்தளத்திலிருந்து தபாலில் போடும் உறை, ஓட்டு எண்ணும் நாள் காலை எட்டு மணிக்குள் தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போய்ச் சேரும் என்று யார் உறுதி சொல்வது? தூதரகத்தில் சீட்டை அச்சிட்டுக் கொடுங்கள், அங்கேயே மறைவிடத்தில் குறிக்க விடுங்கள், உறைகளைத் தூதரகப் பையில் ஊருக்கு அனுப்புங்கள். பாஸ்போர்ட் வேலைக்காகத் தூர நகரங்களில் முகாம் போடும் அதிகாரிகளுக்கு இது புதிய வேலையல்ல. முதலாளியும் ஏஜெண்டும் பக்கத்தில் நிற்காத இடத்தில் ஓட்டுப் போடுவது எங்களுக்கு மிக முக்கியம்.

மூன்றாவது, பதிவு. வெளிநாட்டில் இருப்பவர்கள் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான 6ஏ படிவம் இருப்பதே பலருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வருபவரிடம் அதே கவுண்டரில் இந்தப் படிவத்தையும் நிரப்பி வாங்க வேண்டும். புதுப்பிக்க வராதவர்களுக்கு ஊரில் குடும்பத்தார் வழியாகத் தகவல் போக வேண்டும்.

நான்காவது, பட்டியலில் உள்ள பெயரை எங்களுக்குச் சொல்லாமல் நீக்கக் கூடாது. வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவது விசாரணை ஆகாது. நீக்கும் முன் வெளிநாட்டு முகவரிக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ அறிவிப்பு வேண்டும், பதில் தர ஒரு மாத அவகாசமும் வேண்டும்.

எங்களுக்குப் பதிலாக இன்னொருவர் ஓட்டுப் போடும் ஏற்பாட்டை மட்டும் நாங்கள் கேட்கவில்லை. அதற்கான மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியானது. ரகசிய ஓட்டை இன்னொருவர் கையில் கொடுக்க எங்களுக்கு விருப்பமில்லை.

அடுத்த மக்களவைத் தேர்தல் 2029-இல். விதித் திருத்தத்தை இந்த ஆண்டுக்குள் வெளியிடுங்கள். அதற்கு முன் வரும் ஒரு சட்டமன்றத் தேர்தலில், வளைகுடா நாடு ஒன்றில் சோதனையாக நடத்திக் குறைகளைச் சரிசெய்யுங்கள். எந்த நாடு, எந்தத் தேதி என்ற அட்டவணையைத் தூதரக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.