செல்வர் உடுப்பதும் நாம் உடுப்பதும்

பேகம்பேட்டில் வசிக்கும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். உடன் படிக்கும் சிறுமியரில் பலர் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியில் சீருடை உண்டு. ஆகையால் அங்கே தொல்லை இல்லை. பிறந்தநாள் விருந்துகளுக்கு அழைப்பு வரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. “அவர்கள் வீட்டில் தினமும் என்ன உடுத்துவார்கள், அம்மா? நாமும் அப்படியே உடுத்தினால் என்ன?” என்று பெண் கேட்கிறாளாம். தாயார் அவ்வினாவை நம்மிடம் அனுப்பிவிட்டார். வினா சிறியதே, ஆயினும் மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பங்களின் கவலை முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதத் துணிகிறோம்.

விடை தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பேகம்பேட் என்னும் பெயரே ஒரு செல்வ மகளைக் குறிப்பது. இரண்டாம் நிஜாமின் மகளார் பஷீருன்னிஸா பேகம் பைகா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது சீதனமாகப் பெற்ற நிலமே பேகம்பேட் ஆயிற்று என்பர். அக்குடும்பத்தாரின் பைகா மாளிகை இன்றும் இங்கே நிற்கிறது. 2008 முதல் 2023 வரை அமெரிக்கத் துணைத் தூதரகம் அதில்தான் இயங்கியது. செல்வர் உடுத்தும் முறையை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு ஏது?

ஐதராபாத்தின் அரியணையில் அடுத்தடுத்து அமர்ந்த தந்தையையும் மகனையும் எடுத்துக்கொள்வோம். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் மூன்று வயது நிரம்பாத குழந்தையாக 1869-இல் பட்டத்துக்கு வந்து, 1911 வரை இருந்தவர். ஒரு முறை உடுத்திய உடையை மறுமுறை தொடமாட்டார் என்பது அவரைப் பற்றிய கதை. கதை முழுவதும் மெய்யோ அன்றோ, அவருடைய உடை அலமாரி மெய். பழைய நகரத்தில் புரானி ஹவேலியிலுள்ள நிஜாம் அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம். இரண்டடுக்கு கொண்ட அந்த மர அலமாரியின் நீளம் 170 அடிக்கு மேல்! மேலடுக்குக்குச் செல்வதற்குக் கையால் இயக்கும் மரத் தூக்கி ஒன்றும் உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க காட்சி அது.

அக்காலத்து ஐதராபாத் சீமான்கள் ஷெர்வானி அணிவார்கள். ஔரங்காபாத்தில் பருத்தியும் பட்டும் கலந்து நெய்த ஹிம்ரூ துணி பெயர் பெற்றது. மஷ்ரூ என்று மற்றொரு துணி உண்டு. அதன் வெளிப்புறம் பட்டாய் மின்னும். உடலில் படும் உட்புறமோ பருத்தி. ஆடவர் மேனியில் பட்டுப் படலாகாது என்னும் மார்க்க நெறிக்கும் பட்டின் மேலுள்ள ஆசைக்கும் நெசவாளர் செய்து கொடுத்த சமரசம் அது.

இனி மகனைப் பார்ப்போம். ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கானின் படத்தை 1937 பிப்ரவரி 22-ஆம் தேதிய ‘டைம்’ இதழ் அட்டையில் வெளியிட்டு, உலகிலேயே பெரும் பணக்காரர் என்று எழுதியது. அந்தப் பணக்காரரின் அன்றாட உடை என்ன? கசங்கிய பைஜாமா, பழைய ஷெர்வானி, ஓரம் நைந்த ரூமித் தொப்பி. ஒரே தொப்பியை முப்பத்தைந்து ஆண்டுகள் அணிந்தார் என்று எழுதியவர்களும் உண்டு. காலுறையைத் தாமே பின்னிக்கொண்டார் என்று சொன்னவர்களும் உண்டு. தந்தையின் பழைய காலணிக்குள் கிடந்ததாகச் சொல்லப்படும் 184 காரட்டுக்கும் மேற்பட்ட ஜேக்கப் வைரத்தை அவர் மேசைமேல் காகிதம் பறவாமல் வைக்கும் பாரமாகப் பயன்படுத்தினாராம். 1995-இல் இந்திய அரசு நிஜாமின் நகைகளை விலைக்கு வாங்கியபோது அந்த வைரமும் அரசின் உடைமையாயிற்று.

வெறும் கஞ்சத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளம் நகரை அழித்த பிறகு உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது அவர் ஆட்சியில். உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் தோன்றியதும் அவர் ஆட்சியில். 1947-இல் எலிசபெத் இளவரசியின் திருமணத்துக்கு வைர அட்டிகை பரிசளித்தவரும் அவரே. 1965-இல் ஐயாயிரம் கிலோ தங்கத்தை நாட்டுக்கு நன்கொடையாகக் கொடுத்தார் என்று ஒரு செய்தி உலவுகிறது. மெய்யாவது, 425 கிலோ தங்கத்தை வட்டி தரும் தேசப் பாதுகாப்புத் தங்கத் திட்டத்தில் இட்டார் என்பதே. தொப்பியில் செலவிடாதவர் தங்கத்தைச் சும்மா வைத்திருக்கவுமில்லை!

ஒன்றை மறக்கலாகாது. தொப்பி எளியதாயிருந்தமையால் ஆட்சி எளியோர்க்கு இனியதாயிருந்தது என்று பொருளாகாது. ‘சர்ஃப்-எ-காஸ்’ என்னும் சொந்த நிலங்களின் வருமானம் அவருக்குத் தனியே வந்துகொண்டிருந்தது. தெலுங்கானா உழவர்கள் 1946 முதல் 1951 வரை கிளர்ந்தெழுந்ததற்கும் காரணங்கள் இருந்தன. ஒருவரின் உடையைக் கொண்டு அவரை உயர்த்துவது எவ்வளவு பிழையோ, எளிய உடையைக் கொண்டு அவரைத் துறவியாக்குவதும் அவ்வளவு பிழை.

பேகம்பேட் விமான நிலையத்தில் 1949-இல் எடுத்த படம் ஒன்று உண்டு. ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த பின் வந்திறங்கிய சர்தார் படேலை நிஜாம் கைகூப்பி வரவேற்கிறார். ஒருவர் உலகப் பெருஞ்செல்வர். மற்றவர் வேட்டி உடுத்த உழவர் குடிப் பிறந்தவர். இருவர் உடையிலும் பகட்டு இல்லை. படேலின் உடைகள் அவர் மகள் மணிபென் தம் கையால் நூற்ற நூலில் நெய்தவை என்றும், தந்தை உடுத்து நைந்த வேட்டிகளை அந்த அம்மையார் தமக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்றும் சொல்வார்கள். இருவர் எளிமையும் தோற்றத்தில் ஒன்றே. பிறந்த இடம் வேறு. ஒன்று வழக்கத்தால் வந்தது. மற்றொன்று கொள்கையால் வந்தது.

நம் நாட்டுச் செட்டிநாட்டையும் நினைவுகூரலாம். பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியப் பளிங்கும் கொண்ட மாளிகைகளில் வாழ்ந்த நகரத்தார் வெள்ளை வேட்டியும் துண்டுமாகவே கணக்கெழுதினார்கள். ஆச்சிமார் அன்றாடம் உடுத்தியது காரைக்குடி நெசவாளரின் கண்டாங்கிப் பருத்திச் சேலை. அச்சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வீட்டுக்கு மரம் தேடிக் கடல் கடந்தவர்கள் உடைக்கு உள்ளூர்த் தறியை நாடினார்கள்.

இக்காலச் செல்வரும் ஏறக்குறைய இவ்வழியில்தான் போகிறார்கள். ‘ஃபேஸ்புக்’ நிறுவனர் சுக்கர்பெர்க் பல ஆண்டுகள் ஒரே சாம்பல் நிற டீ-ஷர்ட்டிலேயே காட்சியளித்தார். என்ன உடுத்துவது என்று நாளும் யோசித்து நேரத்தை வீணாக்க விரும்பவில்லை என்று 2014-இல் அவரே சொன்னார். ஆனால் அந்த டீ-ஷர்ட் ஒவ்வொன்றும் பல நூறு டாலர் பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. ஆகவே சகோதரியின் மகளுக்கு முதல் விடை இது: பணக்காரர் பலர் வீட்டில் சாதாரணமாகவே உடுத்துகிறார்கள், ஆனால் அந்தச் சாதாரணமும் சில வேளை நம் மாத வாடகைக்கு நிகரானது. அதைப் பார்த்து நகல் செய்யப் புகுந்தால், ஆடம்பரத்தை நகல் செய்வதைக் காட்டிலும் அதிகமாகச் செலவாகும்.

இரண்டாம் விடை சற்றுக் கசப்பானது. நைந்த தொப்பியோடு நிஜாம் எந்த வாயிலில் நின்றாலும் கதவு திறக்கும். ஏனெனில் ஊரார் அவரை அறிவார்கள். அறியப்பட்டவனுக்கு உடை வேண்டியதில்லை. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நம்மையோ இங்கே யாரும் அறியார். பாட்டன் பெயர் தெரியாத ஊரில் சட்டைதான் நமக்கு அறிமுகக் கடிதம். வங்கியிலும் பள்ளியிலும் வாடகை வீடு கேட்கும் இடத்திலும் முதலில் நம் உடையைத்தான் பார்க்கிறார்கள். அறிந்த ஊரிலேயே இக்கதி உண்டு. 2014-இல் சென்னையில் வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றத்துக்குள் விட மறுத்தார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டே அதற்கெதிராகச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகையால் “எளிமையாய் இருங்கள்” என்று உபதேசித்துவிட்டு நகர்ந்துவிட நாம் விரும்பவில்லை. எளிமை செல்வருக்கு அழகாகவும், நம்மவருக்கு இகழ்ச்சியாகவும் முடியலாம். குழந்தையின் கவலை வீண் கவலையன்று.

எனின் வழி என்ன? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியில் வழி இருக்கிறது. தூய்மை, அளவு, சீர் இம்மூன்றும் நம் கைக்கு எட்டியவை. துவைத்து மடித்த பருத்திச் சட்டை, உடலுக்குப் பொருந்தத் தைத்தது, பொத்தான் அறுந்தால் அன்றே தைத்தது: இதை எந்த வாயிலோனும் தடுக்கமாட்டான். விலையுயர்ந்த ஆயத்த உடை தொளதொளவென்று தொங்குவதைக் காட்டிலும், நல்ல தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த எளிய துணி மதிப்பாய்த் தோன்றும்.

கணக்கும் பார்க்கவேண்டும். பதினையாயிரம் ரூபாய்ப் பட்டுப் புடவையை ஆண்டுக்கு மூன்று முறையாக ஐந்தாண்டுகள் உடுத்தினால், ஒவ்வொரு முறைக்கும் ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆயிரத்திருநூறு ரூபாய்க் கைத்தறிச் சேலையை அறுபது முறை உடுத்தினால் ஒரு முறைக்கு இருபதே ரூபாய். பட்டு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. கையில் உள்ள பணத்தில் வாங்கிய பட்டு பெட்டியில் இருப்பது மங்கலமே. கடன் அட்டையில் தவணைக்கு வாங்கிய பட்டுதான் உடுத்தியவரையே அறுக்கிறது. மகளிடமும் இக்கணக்கை மறைக்கவேண்டாம். இவ்வாண்டு உடைக்கு இவ்வளவுதான் என்று தொகையைச் சொல்லி, தேர்வை அவளிடமே விடலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாம் எண்ணுவதைவிட நன்றாகக் கணக்குப் போடுவார்கள்.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நம் பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் சில குடும்பங்கள் வருவதில்லை. ஊருக்குப் போகிறோம், உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்வார்கள். போன ஆண்டு கட்டிய அதே புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைப் பட்டுகளின் நடுவே நிற்கக் கூசுவதே மெய்யான காரணம் என்பதைப் பெண்மணிகள் சிலர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். மொழிக்காகக் கூடும் இடத்தில் துணி ஒரு சுவராக நிற்கலாமா? எனவே வரும் பொங்கலுக்கு நிர்வாகக் குழுவினரும் வசதி படைத்த அன்பர்களும் பருத்தி உடையிலேயே வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எளியவர் முதலில் எளிமையாய் வந்தால் அது இல்லாமை எனப்படும். வசதியுள்ளவர் முதலில் வந்தால் அது வழக்கமாகிவிடும். அவ்வழக்கத்தைத் தொடங்கும் கடமை உள்ளவர்களுடையதே.